டீக்கடைக்கு வந்த திமிங்கிலம்

மதுரை
10.8.1986

அன்புள்ள அக்காவுக்கு,

முத்தழகு எழுதுவது. நான் இங்கே சுகம். நீயும் மச்சானும் சுகமா? மச்சானுக்குத் தொண்டை வலி என்று எழுதியிருந்தாயே, இப்போது தேவலையா?

எம்.ஏ. இரண்டாம் வருஷ வகுப்பு தொடங்கிவிட்டது. ஹாஸ்டல் சாம்பாரில் பருப்பைக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசே கொடுக்கலாம். மற்றபடி குறையில்லை.

ஒரே ஒரு கண்டம் இருக்கிறது. மார்ச் மாதம் ஒவ்வொருவரும் வகுப்பின் முன்னால் நின்று இருபது நிமிஷம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். செமினார் என்று பெயர். பேசாவிட்டால் அந்தத் தாளில் பாஸ் கிடையாது. போன வருஷம் ஐந்து நிமிஷப் பேச்சுக்கே நான் எழுந்து நின்று, 'குட் மார்னிங்' சொல்லிவிட்டு உட்கார்ந்த கதை உனக்குத் தெரியும். அய்யாவுக்குத் தெரியாது. அவர் மிளகாய் கமிஷன் கடையிலெல்லாம் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு வந்திருப்பது ஒரு பழைய அமெரிக்க நாவல். தலையணைத் தடிமன். திமிங்கிலம் பிடிக்கப் போகிற கப்பலைப் பற்றியது. அதில் வரும் குறியீடுகளை நான் விளக்க வேண்டும். குறியீடு என்றால், ஒன்றைக் காட்டி இன்னொன்றை நினைக்கவைப்பது. நான் கடலை நன்றாகப் பார்த்ததே உன் கல்யாணத்துக்குத் திருப்பாலைக்குடி வந்தபோதுதான். அதுவும் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பார்த்தது.

அதனால் படித்ததையெல்லாம் உனக்குத் தமிழில் எழுதப்போகிறேன். உனக்குப் புரிந்தால் எனக்கும் புரிந்துவிட்டது என்று அர்த்தம். உன்னிடம் எனக்குக் கூச்சம் கிடையாது. வேறு யாரிடமும் காட்டிவிடாதே.

கதை இதுதான். கப்பலின் கேப்டனுக்கு ஒரு கால் இல்லை. ஒரு வெள்ளைத் திமிங்கிலம் கடித்துக்கொண்டு போய்விட்டது. எலும்பில் கால் செய்து மாட்டியிருக்கிறான். கப்பல் முதலாளிகள் எண்ணெய்க்காக அனுப்பியிருக்கிறார்கள். அவனோ அந்த ஒரு திமிங்கிலத்தைக் கொல்வதற்காகவே போகிறான். கூட வருகிறவர்களுக்குப் பாதி வழியில்தான் அது தெரிகிறது.

புரிகிறதா? பதில் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
முத்தழகு

*

திருப்பாலைக்குடி
24.8.1986

அன்புத் தங்கை முத்தழகுக்கு,

சண்முகவள்ளி எழுதிக்கொள்வது. இங்கே கடை, கடல், உன் மச்சான் மூன்றும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? சாம்பாரில் பருப்பு தேடுவதை விட்டுவிட்டு மூன்று வேளையும் சாப்பிடு.

உன் கடிதத்தைத் தபால்காரர் கபீர் நம் டீக்கடையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். நான் அடுப்பில் இருந்தேன். உன் மச்சான்தான் பிரித்தார். அன்றைக்குச் சவுதியிலிருந்து மூன்று கடிதம் வேறு. ஊரில் யாருக்குக் கடிதம் வந்தாலும் இவர்தானே படித்துச் சொல்ல வேண்டும். தொண்டை வலிக்காமல் என்ன செய்யும்?

கதை புரிந்தது. ஒரு சந்தேகம். எலும்புக் கால் வழுக்காதா? நனைந்த பலகையில் இரண்டு கால் இருக்கிறவனே நிற்க முடியாதே. கப்பல் ஆடும்போது அவன் எதைப் பிடித்துக்கொள்வான்?

இங்கே ஒரு வேடிக்கை சொல்கிறேன். கடலுக்குப் போகிற நாளில் கரையில் யாரும் 'முங்கிருச்சு' என்று சொல்லக் கூடாது. டீயில் ரஸ்க் உடைந்து விழுந்தால்கூட 'ரஸ்க்கு குளிச்சிருச்சு' என்றுதான் சொல்ல வேண்டும். வந்த புதிதில் நான் தெரியாமல் அந்த வார்த்தையைச் சொல்ல, வத்தை என்கிற நாட்டுப்படகு வைத்திருக்கும் ஒருவர் பாதி டீயோடு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். அன்றைக்கு அவர் படகே இறக்கவில்லை. எங்கள் மிளகாய்க் காட்டில் இப்படியெல்லாம் கிடையாது என்று சொன்னேன். யார் கேட்கிறார்கள்?

அடுத்த கடிதத்தைச் சீக்கிரம் போடு. தலைக்கு எண்ணெய் வை.

அக்கா,
சண்முகவள்ளி

*

மதுரை
14.9.1986

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை, தலையில்தான் பேன். அறைத்தோழியிடமிருந்து வந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, உன்னிடம் என்பதால் எழுதுகிறேன்.

எலும்புக் கால் சந்தேகத்துக்குப் பதில் புத்தகத்திலேயே இருக்கிறது. கப்பலின் பலகையில் ஒரு குழி துளைத்திருக்கிறார்கள். அவன் அதில் காலை ஊன்றிக்கொண்டு நிற்பான். நான் அந்த வரியைக் கவனிக்காமலே தாண்டிப் போயிருந்தேன். நீ கேட்ட பிறகு தேடினேன்.

இப்போது குறியீட்டுக்கு வருகிறேன். கேப்டன் பாய்மரத்தில் ஒரு தங்கக் காசை ஆணியடித்து வைக்கிறான். வெள்ளைத் திமிங்கிலத்தை முதலில் பார்க்கிறவனுக்கு அந்தக் காசு. ஒவ்வொருவனும் அதன் முன்னால் வந்து நின்று பார்க்கிறான். ஒருவனுக்குக் கடவுள் தெரிகிறது, ஒருவனுக்குச் சுருட்டு வாங்குகிற கணக்கு தெரிகிறது, கேப்டனுக்குத் தன் முகமே தெரிகிறது.

இன்னொன்று, அந்தத் திமிங்கிலத்தின் வெள்ளை நிறம். கறுப்பைவிட வெள்ளைதான் பயங்கரம் என்று ஓர் அத்தியாயம் முழுவதும் எழுதியிருக்கிறார். எத்தனை முறை படித்தும் எனக்கு அது மட்டும் பிடிபடவில்லை. வெள்ளை என்றால் நமக்கு வேட்டி, பால், பருத்தி. இதில் பயப்பட என்ன இருக்கிறது?

மச்சானுக்கு என் வணக்கம். உடம்பைக் கவனித்துக்கொள்.

முத்தழகு

*

திருப்பாலைக்குடி
5.10.1986

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் சுகம். கூட வருகிற பார்சலில் சீத்தாப்பழக் கொட்டைப் பொடி இருக்கிறது. தேங்காயெண்ணெயில் குழைத்துத் தேய்த்து, கண்ணில் படாமல் அலசு. வேப்பெண்ணெய் என்று ஒருவர், வசம்பு என்று ஒருவர், மொட்டை என்று ஒருவர் சொன்னார்கள். நான்தான் இது போதும் என்று முடிவு செய்தேன்.

சில சந்தேகம். ஒன்று, திமிங்கிலத்தின் மேல் எறிகிற ஈட்டியில் கட்டிய கயிறு எந்த நாரில் திரித்தது? திமிங்கிலம் இழுக்கும்போது கயிறு தீப்பிடிக்குமே, தண்ணீர் ஊற்றுவார்களா? அந்தக் கயிறு ஓடும்போது படகில் ஆள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பான்? கால் அதில் மாட்டாதா? இரண்டு, கப்பலில் மொத்தம் எத்தனை பேர்? சோறாக்குகிறவனைச் சேர்த்தா, சேர்க்காமலா? மூன்று, அவ்வளவு பேர் இருக்கும்போது ஒருவன்கூட 'ஊருக்குத் திரும்புவோம்' என்று கேப்டனிடம் சொல்லவில்லையா?

வெள்ளை விஷயம் எனக்குப் புரிந்தது. புயலுக்கு மறுநாள் கடல் கறுப்பாக இருக்காது. விடிந்து பார்த்தால் பால் மாதிரி வெள்ளையாக, ஒன்றுமே நடக்காத மாதிரிக் கிடக்கும். அதுதான் பயம்.

காசு விஷயத்தில் இங்கே ஒரு சண்டையே வந்துவிட்டது. அதாவது எனக்கும் உன் மச்சானுக்கும். ஆணியடித்தால் காசில் ஓட்டை விழுமே, பிறகு எந்தக் கடையில் வாங்குவான் என்கிறார் அவர்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

மதுரை
26.10.1986

அன்புள்ள அக்காவுக்கு,

பொடி வேலை செய்கிறது. பாதிப் பேன் போய்விட்டது. உன் கைக்குப் புண்ணியம்.

அக்கா, நீ எப்போதிலிருந்து இப்படிக் கேள்வி கேட்க ஆரம்பித்தாய்? எட்டாம் வகுப்பில் நீ ஒரு கேள்வியும் கேட்டதில்லை என்று வாத்தியாரே சொல்வார். கயிற்றுக்கென்று புத்தகத்தில் தனி அத்தியாயமே இருக்கிறது! கயிறு சுருண்டு சுருண்டு படகோட்டிகள் எல்லோரையும் சுற்றிக் கிடக்குமாம். தண்ணீரும் ஊற்றுவார்களாம். ஊருக்குத் திரும்பலாம் என்று கெஞ்சுகிறவனும் இருக்கிறான், கேப்டனுக்கு அடுத்த இடத்தில் இருப்பவன். கப்பலில் முப்பது பேர், சமையல்காரனைச் சேர்த்து.

வெள்ளையைப் பற்றி நீ எழுதியதை என் நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன். ஆனால் நீ கல்யாணமாகிப் போய் மூன்று வருஷம்தானே ஆகிறது? அங்கே எப்போது புயல் வந்தது? யோசித்து யோசித்துப் பார்த்தேன்.

போன சனிக்கிழமை ஹாஸ்டலில் நான்கு தோழிகள் முன்னால் பேசிப் பழகலாம் என்று நின்றேன். கட்டில், வாளி, ஜன்னலில் காயும் துண்டு எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. ஆங்கிலம் மட்டும் ஒரு வார்த்தை வரவில்லை. ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். எழுதுகிறபோது வருகிறது அக்கா. நாலு முகத்தைப் பார்த்தால் தொண்டையில் கதவு சாத்திக்கொள்கிறது.

முத்தழகு

*

திருப்பாலைக்குடி
12.11.1986

அன்புத் தங்கைக்கு,

கார்டுதான் இருக்கிறது. எல்லோரும் சுகம். நல்ல மழை, வத்தை எதுவும் இறங்கவில்லை. எல்லோரும் கடையிலேயே கிடக்கிறார்கள், பொழுது போகவில்லை. கேப்டன் திமிங்கிலத்தைப் பார்த்தானா இல்லையா? கபீர் தெருமுனையில் திரும்பும்போதே எல்லோரும், அதாவது நான், எட்டிப் பார்க்கிறேன். முடிவை உடனே எழுது.

அக்கா

*

மதுரை
23.11.1986

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தானே? நீ கேட்ட முடிவு இதோ.

கேப்டன் கடைசியில் வெள்ளைத் திமிங்கிலத்தைக் கண்டுபிடிக்கிறான். காசு வேறு யாருக்கும் கிடைக்கவில்லை. முதலில் பார்த்தவன் அவன்தான். மூன்று நாள் துரத்துகிறான். முதல் நாள் படகு உடைகிறது. இரண்டாம் நாள் எலும்புக் கால் உடைகிறது. மூன்றாம் நாள் அவன் ஈட்டியை எறிய, ஓடுகிற கயிறு அவன் கழுத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. திமிங்கிலம் கப்பலை முட்டுகிறது. கப்பல் எல்லோரோடும் மூழ்கிவிடுகிறது.

ஒரே ஒருவன் தப்பிக்கிறான். அவர்கள் நாட்டில் இறந்தவரை மரப்பெட்டியில் வைத்துத்தான் அடக்கம் செய்வார்கள். காய்ச்சலில் கிடந்த ஒருவன் தனக்கென்று ஒரு பெட்டி செய்யச் சொல்லி, பிறகு பிழைத்துக்கொண்டான். அந்தப் பெட்டி மிதந்து வருகிறது. தப்பியவன் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பகலும் ஓர் இரவும் கிடக்கிறான். வேறொரு கப்பல் வந்து தூக்குகிறது. அவன்தான் நமக்கு இந்தக் கதையைச் சொல்கிறவன்.

எப்படி இருக்கிறது? உடனே எழுது.

முத்தழகு

*

திருப்பாலைக்குடி
8.1.1987

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. ஒன்றரை மாதமாக எழுதாததற்குக் கோபிக்காதே. உடம்பெல்லாம் சுகம்தான். கடையில் வேலை அதிகம்.

உன் கடைசிக் கடிதத்தில் டீ கொட்டிவிட்டது. முடிவைப் படிக்க முடியவில்லை. பரவாயில்லை, மறுபடி எழுத வேண்டாம். பொங்கலுக்கு உனக்கு மாம்பழக் கலர் சேலை எடுத்திருக்கிறேன். அய்யாவுக்கு மிளகாய் நன்றாகக் காய்த்திருக்கிறதாம்.

அக்கா

*

திருப்பாலைக்குடி
20.1.1987

அன்புத் தங்கச்சி முத்தழகு அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என்னைத் தங்களுக்குத் தெரியாது. நான் சலாஹுதீன், இரண்டு வத்தைக்குச் சொந்தக்காரன். தங்கள் மச்சான் பூமிநாதன் கடையில் வடக்குப் பெஞ்சில் உட்காருகிறவன். தங்கள் உடல் நலத்துக்கும், தலையில் இருந்த தொந்தரவு குறைந்ததற்கும் இறைவனுக்கு நன்றி.

தங்கள் கதையை ஆரம்பம் முதல் கேட்டு வருகிறோம். தங்கள் மச்சான் முடிவைப் படித்தபோது பாதியில் நிறுத்தி, கடிதத்தை உங்கள் அக்காவிடம் கொடுத்தார். இருவரும் கண்ணால் பேசிக்கொண்டார்கள். பிறகு, கேப்டன் திமிங்கிலத்தைப் பிடித்து, எண்ணெய் காய்ச்சி விற்று, ஊருக்குப் போய் மகளுக்குக் கல்யாணம் முடித்தான் என்று சொன்னார்.

இதை நான் ஏற்கவில்லை. அவ்வளவு கோபக்காரன் வீட்டுக்குப் போய்ப் பந்தியில் கூட்டு வைப்பானா? கயிறு இருக்கிற இருப்பை நீங்கள் எழுதியபோதே, அது அவனை விடாது என்று நான் மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். தயவுசெய்து உண்மையை எழுதவும். நாற்பது வருஷம் கடலில் இருந்தவனுக்கு டீக்கடையில் ஒளிக்க வேண்டியதில்லை.

வீட்டில் எல்லோரும் தங்களுக்கு துஆ செய்கிறார்கள்.

இப்படிக்கு,
சலாஹுதீன்

*

மதுரை
25.1.1987

அக்காவுக்கு,

சலாஹுதீன் பாயின் கடிதம் வந்தது.

எத்தனை பேர்?

பேன் விஷயத்தையுமா?

செமினார் மார்ச் 6. எனக்கு உடம்பு சுகமாகத்தான் இருக்கிறது.

முத்தழகு

*

திருப்பாலைக்குடி
3.2.1987

அன்புத் தங்கை முத்தழகுக்கு,

உடம்பு சுகம் என்று எழுதியிருக்கிறாய், மனசைப் பற்றி எழுதவில்லை. நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பதினான்கு பேர். மழை நாளில் முப்பது. ஆமாம், பேனையும்.

யாரிடமும் காட்டாதே என்றாய், நான் காட்டவில்லை. உன் மச்சான் படித்தார். அவருக்கு எழுத்தைப் பார்த்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். இத்தனை வருஷம் ஊர்க் கடிதமெல்லாம் அப்படியே படித்த பழக்கம். முதல் கடிதத்தை முடித்த பிறகுதான் கடையில் டம்ளர் சத்தம்கூட இல்லை என்று கவனித்தோம். நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்கவில்லை. உன்னிடம் சொன்னால் நீ எழுதுவதை நிறுத்திவிடுவாய். நான் என்ன செய்ய?

கயிறு, எலும்புக் கால் எல்லாம் சலாஹுதீன் பாய் கேட்டது. வெள்ளைக் கடல் செவ்வந்தி அக்கா சொன்னது. கடை வாசலில் வடை போடுகிற அக்கா. எட்டு வருஷத்துக்கு முன்னால் வந்த புயலில் அவர் வீட்டுக்காரர் போன வத்தையில் ஐந்து பேர். ஒருவரும் வரவில்லை. என்ன ஆனது என்று சொல்லவும் ஆள் இல்லை. உன் முடிவைப் படிக்கும்போது அவர் எங்களுக்கு நாலடி தள்ளி எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார். அதோடு மறுநாள் வத்தைகள் கடலில் இறங்குவதாக இருந்தது. உன் மச்சானுக்கு நாக்கு எழவில்லை. டீயும் கொட்டவில்லை, ஒன்றும் கொட்டவில்லை.

உன் கடிதம் வந்ததும் நான் சலாஹுதீன் பாயிடம் சண்டைக்குப் போனேன்.

"எந்தங்கச்சிக்கு நீங்க ஏன் எழுதுனீங்க? இப்ப அவ பேசாமப் போயிட்டா."

"நீங்க ரெண்டு பேரும் பொய் சொன்னா நான் வேற யாருகிட்டக் கேக்க? வெள்ளிக்கிழமை வச்சுப் படி. அன்னைக்கு வத்தை இறங்காது. ஜும்மா முடிஞ்சு வாரேன்."

"செவ்வந்தி அக்கா?"

"அதுகிட்டயே கேளு."

கேட்டேன். அவர் கரண்டியை ஆட்டிக்கொண்டே, "எனக்குத் தெரியாமப் படிச்சாத்தான் கோவிப்பேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நானே படித்தேன். மூழ்கிய இடம் வந்ததும் நின்றுவிட்டேன். பாய் மெதுவாக, "கப்பல் குளிச்சிருச்சுன்னு படி, தாயி" என்றார். அப்படியே படித்தேன். பெட்டி மிதந்து வருகிற இடத்தில் பாய்தான், "செத்தவங்களத் தூக்குற நம்ம சந்தூக்கு மாதிரிப் பெட்டியா? மவுத்துக்குச் செஞ்சது உசுரைத் தூக்கிட்டு வந்துச்சா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

செவ்வந்தி அக்கா கேட்டார்: "ஒருத்தன் வந்துட்டானா?"

"வந்துட்டான் அக்கா."

"வந்து, என்ன நடந்துச்சுன்னு சொன்னானா?"

"சொன்னான். அவன் சொன்னதுதான் இவ்வளவு பெரிய புத்தகம்."

கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு, "அப்ப நல்ல முடிவுதானடி. இதையா ரெண்டு மாசமா எங்கிட்ட மறச்ச?" என்றார். அன்றைக்கு வடை தீய்ந்துவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை, பாயைத் தவிர.

நீ முகத்தைப் பார்த்தால் பேச்சு வராது என்கிறாய். இங்கே இத்தனை முகம் ஆறு மாதமாக உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. கோபம் தீர்ந்தால் ஒரு வரி போடு.

அக்கா

*

மதுரை
9.3.1987

அன்புள்ள அக்காவுக்கும், மச்சானுக்கும், வடக்குப் பெஞ்சுக்கும், செவ்வந்தி அக்காவுக்கும்,

முத்தழகு எழுதுவது. அனைவரும் சுகமாக இருக்கிறீர்களா? நான் சுகம். ஒரு மாதம் எழுதாமல் இருந்தது கோபத்தில் இல்லை, வெட்கத்தில். பிறகு உங்களுக்கு எழுதிய கடிதங்களை நினைவிலிருந்து திரும்ப எழுதிப் பார்த்தேன். அதுவே என் கட்டுரையாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை வகுப்பில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். மாம்பழக் கலர் சேலைதான் கட்டியிருந்தேன். முன்னால் இருபத்தாறு முகம். வழக்கம்போலக் கதவு சாத்திக்கொண்டது. தாளைப் பார்த்து மெல்லிய குரலில் படிக்க ஆரம்பித்தேன். கடைசிப் பெஞ்சில், "கேட்கவில்லை" என்றார்கள். இன்னும் குரல் இறங்கியது. எப்படியோ தாளைப் புரட்டிக் கடைசிப் பக்கம் வந்துவிட்டேன். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

கப்பல் மூழ்கிய இடம். ஆங்கில வார்த்தை எழுதியிருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது. எனக்கு எண்ணெய்ச் சட்டியும் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவரும் ஞாபகம் வந்து, அந்த வார்த்தையைச் சொல்ல வாய் வரவில்லை. 'கப்பல் குளித்துவிட்டது' என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன்.

வகுப்பே சிரித்தது. பேராசிரியை பேனாவைக் கீழே வைத்து, "என்ன சொன்னாய்?" என்று கேட்டார். அதை விளக்காமல் உட்கார முடியாது. அதனால் ரஸ்க்கிலிருந்து ஆரம்பித்தேன். பாதி டீயோடு எழுந்து போனவரைச் சொன்னேன். பிறகு கயிறு. பிறகு ஓட்டை விழுந்த காசு. மச்சான் கேட்டதற்கு இங்கேயும் யாருக்கும் பதில் தெரியவில்லை. பிறகு புயலுக்கு மறுநாள் பால் மாதிரிக் கிடக்கும் கடல். அதைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. எப்போது தாளை மேஜையில் வைத்தேன் என்று எனக்கே தெரியாது. மணி அடித்தது. நாற்பது நிமிஷம் பேசியிருந்தேன், அக்கா. எனக்கு அடுத்துப் பேச வேண்டிய பெண் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனதில் ரொம்பச் சந்தோஷப்பட்டாள்.

கடைசியில் பேராசிரியை, "அப்படியானால் அந்தத் திமிங்கிலம் எதன் குறியீடு?" என்று கேட்டார். நான் ஆறு மாதமாகப் பயந்துகொண்டிருந்த கேள்வி அதுதான். "கேட்கிறவர் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது" என்றேன். பெட்டியைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொன்னேன். அது சாவுக்குச் செய்தது. ஆனால் ஒருவனைத் திரும்ப அனுப்பியது. கரையில் இருப்பவர்களுக்கு, நடந்ததைச் சொல்ல ஒருவர் வந்தாலே அது நல்ல முடிவு. இது செவ்வந்தி என்பவரின் கருத்து என்று பெயரோடு சொன்னேன். பேராசிரியை அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிக் குறித்துக்கொண்டார்.

இருபத்தைந்துக்கு இருபத்திரண்டு. அய்யாவுக்கும் இன்றைக்கே எழுதுகிறேன்.

சலாஹுதீன் பாய்க்கு என் சலாம். கயிறு விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி.

மச்சானுக்கு: இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து எல்லோருக்கும் கேட்கும்படி படிக்கவும். எந்தக் கிழமையானாலும் சரி. மூழ்கிய இடத்தில் மட்டும் என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். பேன் முழுக்கப் போய்விட்டது. அதையும் சத்தமாகவே படிக்கலாம்.

எல்லோருடைய உடம்பையும் எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
முத்தழகு